ஒரு மாணவிக்காக ரயில் நின்றதா?

ஜுருவில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலருக்குத் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒரு நாள் வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். “சார், புலனத்துல வந்துச்சு. படிச்சுப் பாருங்க, அழுகையே வந்துடும்” என்றார்.

பனி மூடிய ரயில் நிலையப் படம் ஒன்று. அதன் கீழே ஒரு கதை. ஜப்பானின் வடகோடியில் காமி-ஷிராத்தாக்கி என்றொரு நிலையம். அதைப் பயன்படுத்துவது ஒரே ஒரு பள்ளி மாணவிதான். அவர் படிப்பை முடிக்கும்வரை நிலையத்தை மூடுவதில்லை என்று ரயில் நிறுவனம் முடிவெடுத்தது. அவர் பள்ளிக்குப் போக ஒரு ரயில், வீடு திரும்ப ஒரு ரயில். அவர் தேறிய நாளோடு நிலையமும் மூடப்பட்டது. இதுதான் கதை. உங்களில் பலருக்கும் இது வந்திருக்கும்.

வகுப்பில் எல்லோரும் வாய்விட்டு வியந்தார்கள். பின்வரிசை மாணவி ஒருவர் மட்டும், “நமக்கு யாரு சார் ரயில நிறுத்துவா?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எஸ்பிஎம் முடித்து ஆறாம் படிவம் படிக்க அவருக்கு ஆசை. பள்ளி புக்கிட் மெர்தாஜம் பக்கம் கிடைக்கக்கூடும். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருப்பது ஒரு மோட்டார். அது அப்பாவோடு போய்விடும். அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று கட்டுரைப் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கதையைத்தான் பிரித்துப் பார்த்தோம். அதில் எது உண்மை, எது உண்மையில்லை, அந்த மாணவியின் கேள்விக்கு அதில் பதில் உண்டா என்று தேடினோம். அங்கே தெரிந்துகொண்டவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படம் ஒன்று, நிலையம் வேறு

ஹொக்கைடோ ஜப்பானின் வடக்கிலுள்ள பெரிய தீவு. குளிர்காலத்தில் கடும் பனி பொழியும். அத்தீவின் செகிஹொக்கு ரயில் பாதையில் எங்காரு நகரத்தை ஒட்டி ஷிராத்தாக்கி என்ற ஊர் இருக்கிறது. வெண்ணிற அருவி என்பது அந்தப் பெயரின் பொருள். அந்த ஒரே பெயரைச் சுமந்து பல நிலையங்கள் இருந்தன. காமி-ஷிராத்தாக்கி என்றால் மேல் ஷிராத்தாக்கி. ஷிமோ-ஷிராத்தாக்கி என்றால் கீழ் ஷிராத்தாக்கி. கியூ-ஷிராத்தாக்கி என்றால் பழைய ஷிராத்தாக்கி. நம் வட்டாரத்துக்குப் புதிதாக வருபவர் புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக், புக்கிட் மெர்தாஜம் மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.

2016 ஜனவரியில் சீனாவின் சிசிடிவி செய்தி நிறுவனம் தன் முகநூல் பக்கத்தில் இந்தக் கதையை வெளியிட்டது. அங்கிருந்து அது உலகம் முழுதும் பரவியது. ஆனால், பள்ளி மாணவி ஒருவர் அன்றாடம் ஏறிய நிலையம் காமி-ஷிராத்தாக்கி இல்லை, கியூ-ஷிராத்தாக்கி. எங்காரு நகரிலுள்ள பள்ளிக்குச் செல்ல அங்கே காலையில் ஒரு ரயில்தான் நிற்கும். திரும்பி வர மூன்று ரயில்கள் உண்டு. ஆக, ‘போக ஒன்று, வர ஒன்று’ என்பதும் சரியில்லை. அந்த ரயில் அவர் ஒருவருக்காக மட்டும் ஓடவும் இல்லை. வழியிலுள்ள மற்ற நிலையங்களிலும் மாணவர்கள் ஏறினார்கள்.

நிலையம் மூடப்பட்டது உண்மை. 2016 மார்ச் 26 முதல் காமி, கியூ, ஷிமோ ஆகிய மூன்று ஷிராத்தாக்கி நிலையங்களும் பயணிகளுக்கு மூடப்பட்டன. பயணிகள் மிகவும் குறைந்துபோனதே காரணம். ஜப்பானில் ரயில் கால அட்டவணை வழக்கமாக மார்ச் மாதத்தில் திருத்தப்படும். அங்கே பள்ளியாண்டு முடிவதும் மார்ச்சில்தான். மாணவி பள்ளிப் படிப்பை முடித்ததும், புதிய அட்டவணை வந்ததும், நிலையம் மூடப்பட்டதும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. கதை எழுதியவர்கள் அந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டார்கள்.

“அப்போ கதை பொய்யா சார்?” என்று கைப்பேசி மாணவர் சற்றே வாடிப்போய்க் கேட்டார். முழுப் பொய் இல்லை. பனிக்கொட்டும் ஊரில், ஊழியர் யாருமில்லாத சிறு நிலையத்தில், ஒரு பெட்டி ரயில் தினமும் நின்று ஒரு மாணவியைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது. அது நடந்தது. யாரோ ஒருவர் மனமிரங்கி ரயிலை நிறுத்திவைத்தார் என்பதுதான் ஒட்டவைத்த பகுதி. உண்மையில் அந்த ரயில் நின்றது கால அட்டவணையில் அப்படி எழுதப்பட்டிருந்ததால். எனக்கு அதுதான் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. இரக்கம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அட்டவணை தினமும் வரும்.

ஆளில்லா நிலையம் எப்படி இயங்குகிறது?

ஊழியர் இல்லாத நிலையம் ஜப்பானில் அபூர்வம் இல்லை. அந்நாட்டு ரயில் நிலையங்களில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்டவைதான். பயணச்சீட்டு விற்க ஆள் கிடையாது, வாங்கிப் பார்க்கவும் ஆள் கிடையாது. ஒரு தளமேடை, ஒரு பெயர்ப்பலகை, மழைக்கும் பனிக்கும் ஒதுங்க ஒரு சிறு காத்திருப்பு அறை, சுவரில் ஒரு கால அட்டவணை. பல நிலையங்களின் காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். வந்துபோகும் பயணிகள் அதில் நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் கட்டணம்? ஒன்றிரண்டு பெட்டிகள் கொண்ட அந்தக் கிராமத்து ரயில்களில் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே இருப்பார். பயணி ஏறும்போது கதவருகே உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த நிலையத்தில் ஏறினார் என்பதை அந்த எண் காட்டும். ஓட்டுநருக்கு மேலே ஒரு பலகையில் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது முன்கதவுக்கு வந்து, சீட்டையும் அதற்குரிய சில்லறையையும் ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். மாணவர்கள் சலுகைக் கட்டண அட்டையைக் காட்டினால் போதும்.

இதில் எல்லாமே இனிமை என்று நினைத்துவிட வேண்டாம். நிலையத்தில் ஆள் இல்லையென்றால் சக்கர நாற்காலியில் வருபவரை ரயிலில் ஏற்றிவிடுவது யார்? பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது யார்? ஊழியர் இல்லாத நிலையங்களில் உதவி தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரம் மற்றவர்களுக்கு உண்டு, தங்களுக்கு இல்லை என்று ஜப்பானின் தெற்கிலுள்ள ஓயித்தாவில் மாற்றுத் திறனாளிகள் 2020இல் ரயில் நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தார்கள். ஆளைக் குறைத்தால் செலவு குறையும். ஆனால் அந்தச் சுமை எங்கும் போய்விடாது, யாரோ ஒருவர் தோளுக்கு மாறும்.

குடியிருப்போர் இல்லாமல் வாழும் நிலையம்

இங்கே ஒரு விந்தை. மாணவி ஏறி இறங்கிய கியூ-ஷிராத்தாக்கி மூடப்பட்டது. அதே ஹொக்கைடோவில், சுற்றுவட்டாரத்தில் வீடே இல்லாத இன்னொரு நிலையம் தப்பித்துக்கொண்டது. அதன் பெயர் கொபோரோ. மலைச் சுரங்கப் பாதைகளுக்கு நடுவே ஒரு துண்டு வெளியில் அது இருக்கிறது. வண்டி போகும் சாலை கிடையாது. ரயிலில் வந்து இறங்கினால் ரயிலில்தான் திரும்ப வேண்டும்.

அதையும் மூடத்தான் நிறுவனம் எண்ணியது. அது அமைந்துள்ள தொயோவுரா என்ற சிற்றூர் முன்வந்தது. “நாட்டிலேயே இப்படி ஒரு நிலையம் இல்லை, பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது ஊராட்சியின் நிலைப்பாடு. 2016 முதல் அந்தச் சிற்றூரே அதன் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

மேற்கு ஜப்பானில் வாகாயாமா வட்டாரத்திலுள்ள கிஷி நிலையத்தின் கதை இன்னும் சுவையானது. 14.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சிறு பாதையை நட்டம் தாங்காமல் பழைய நிறுவனம் கைவிட்டது. 2006 ஏப்ரலில் வேறொரு சிறு நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. கடைசி நிலையமான கிஷியில் ஊழியர் இல்லாமல் போனார். நிலையத்தை ஒட்டிய கடைக்காரர் வளர்த்த தாமா என்ற பூனை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2007 ஜனவரியில் நிறுவனம் அந்தப் பூனைக்குச் சிறிய தொப்பி அணிவித்து, அதை நிலைய அதிகாரியாக நியமித்தது. சம்பளம் பூனைத்தீனி.

பூனையைப் பார்க்க மக்கள் ரயிலேறி வந்தார்கள். வட்டாரத்துக்கு அதனால் விளைந்த வருமானத்தை ஓர் ஆண்டுக்கு 110 கோடி யென் என்று ஒரு மதிப்பீடு கூறியது. 2015 ஜூனில் தாமா இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் இறுதி மரியாதை செலுத்தினார்கள். அதன் பின்னர் நித்தாமா என்ற பூனை அந்தப் பதவிக்கு வந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் தந்த பணத்தால் நின்று பிடித்த அந்த ரயிலில் தினமும் பள்ளிக்குச் செல்பவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்.

எல்லா நிலையத்துக்கும் பூனை வாய்க்காது. ஹொக்கைடோ ரயில் நிறுவனம் 2016 நவம்பரில், தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியைத் தனித்து நின்று பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. கிராமங்களில் பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் பயணிகள் குறைகிறார்கள். ரயில் நின்றால் எஞ்சிய குடும்பங்களும் நகரத்துக்குப் பெயர்கின்றன. இந்தச் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று அந்நாடு இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவிலும் ஊழியர் இல்லாத சிறு நிலையங்கள் ஏராளம். ‘ஹால்ட்’ என்று அழைப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் தரகுத் தொகை பெற்றுக்கொண்டு பயணச்சீட்டு விற்பார். ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்தில் ரஷீத்புரா கோரி என்ற நிலையம் வருமானமில்லை என்று மூடப்பட்டபோது, கிராமத்து மக்கள் விடாமல் போராடினார்கள். சீட்டு விற்பனையைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு மீண்டும் திறக்க வைத்தார்கள். ஜப்பானிய ஊராட்சியும் ராஜஸ்தான் கிராமமும் செய்தது ஒன்றுதான். ஆளில்லாத நிலையத்துக்குப் பின்னால் ஆளாக நின்றார்கள்.

நம் நாட்டின் காட்டு ரயில்

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே இப்படி ஒரு பாதை உண்டு. நெகிரி செம்பிலானின் கெமாஸிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை செல்லும் 526 கிலோமீட்டர் கிழக்குக்கரைப் பாதை. காட்டு ரயில் என்று பெயர் பெற்றது. 1931இல் முழுமை அடைந்தது. குவா முசாங், கெமுபு, டாபோங், கோலக்கிராய் என்று ஆற்றையும் காட்டையும் தொட்டுச் செல்லும் அந்தப் பாதையில் பல நிறுத்தங்கள் ஒரு மேடையும் ஒரு கூரையும் மட்டுமே. சாலை வசதி போதாத கம்போங் மக்களுக்கு அதுவே பெருவழி. மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த ரயிலில் பள்ளிக்குப் போய் வந்த பாதை அது.

அந்தப் பாதைக்கும் நமக்கும் ஒரு வேதனையான தொடர்பும் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அதன் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு சென்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அதே மரண ரயில் பாதைக்குத்தான் கொண்டு சென்றார்கள். நம் தாத்தா பாட்டிகள் ‘கம்பிச்சடக்கு’ என்று சொல்லும்போது குரல் தாழ்வது இதனால்தான். ஜப்பானிய ரயிலைப் பற்றி நெகிழ்ந்து பகிரும் நாம், இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

போருக்குப் பின் அந்தப் பாதை மீண்டும் போடப்பட்டது. 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் போனதும் ரயிலை நம்பியிருந்த ஊர்கள் எப்படித் துண்டிக்கப்பட்டன என்பதை அன்று நாடே பார்த்தது. பின்னர் பாலம் புதிதாகக் கட்டப்பட்டது. பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், அந்தச் செலவு தேவையா என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டு நிறுத்திவிடாததால்தான் இன்று அந்தக் கம்போங் பிள்ளைகளுக்கு ரயில் இருக்கிறது.

ஜுருவிலிருந்து கணக்குப் போட்டால்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஜுரு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது டோல் சாவடி. நாடே நம் ஊர் வழியாகத்தான் வடக்கே போகிறது, தெற்கே வருகிறது. ரயிலும் தொலைவில் இல்லை. ஒரு பக்கம் புக்கிட் தெங்கா, ஒரு பக்கம் புக்கிட் மெர்தாஜம், தெற்கே சிம்பாங் அம்பாட். மின்மய இரட்டைப் பாதை போடப்பட்டு, 2015 முதல் வட வட்டாரத்தில் கொமியூட்டர் ரயில் ஓடுகிறது. கியூ-ஷிராத்தாக்கியில் காலையில் வந்த ஒற்றை ரயிலை நினைத்தால் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

பிறகு என்ன குறை? அதைத்தான் வகுப்பில் கணக்குப் போட்டோம். வெண்பலகையில் ஒவ்வொருவர் பெயரும் எழுதி, வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படிப் போகிறீர்கள், மாலையில் எப்படித் திரும்புகிறீர்கள், ஒரு மாதத்துக்கு எவ்வளவு செலவு என்று கேட்டேன். பள்ளி வேன், அப்பாவின் மோட்டார், அண்ணனின் மோட்டார், பேருந்து என்று பதில்கள் வந்தன. அடுத்து, எஸ்பிஎம்முக்குப் பிறகு நீங்கள் படிக்க விரும்பும் இடத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். அங்கேதான் பலகையில் பல இடங்கள் காலியாக நின்றன.

ரயில் இல்லாதது சிக்கலில்லை. வீட்டு வாசலுக்கும் ரயில் மேடைக்கும் இடையிலுள்ள அந்தச் சில கிலோமீட்டர்தான் சிக்கல். லாரிகள் பாயும் சாலையோரம் அதிகாலை இருட்டில் நடக்க எந்தப் பெற்றோர் பெண் பிள்ளையை அனுப்புவார்? ‘கிராப்’ எடுத்தால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். பேருந்து நேரமும் ரயில் நேரமும் ஒத்துவராவிட்டால் முதல் பாடம் போய்விடும். படிக்கும் ஆசையும் மதிப்பெண்ணும் இருந்தும், போய்ச் சேர வழியில்லாமல் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். வேலைக்குப் போவது இழிவில்லை. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த முடிவாக இருக்க வேண்டும், மோட்டார் இல்லாததால் வந்த முடிவாக இருக்கக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை மாணவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் கொமியூட்டர் நேர அட்டவணையை எழுதி வந்தார். ஒருவர் பேருந்துத் தடங்களையும் நேரங்களையும் எழுதி வந்தார். கைப்பேசி மாணவர் இரண்டையும் ஒரே தாளில் பொருத்திக் காட்டினார். எங்கே பேருந்து பதினைந்து நிமிடம் முன்னதாக வந்தால் ரயிலைப் பிடிக்கலாம் என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்தது. பின்வரிசை மாணவி அதை மலாயில் ஒரு கடிதமாக எழுதினார். வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு நகல், பேருந்து நிறுவனத்துக்கு ஒரு நகல் என்று முடிவாயிற்று.

பதில் வருமா என்று என்னைக் கேட்டார்கள். உறுதி சொல்ல முடியாது என்றேன். ஆனால் கொபோரோவுக்கும் ரஷீத்புரா கோரிக்கும் முதலில் நடந்தது இதுதான். ‘எங்களுக்கு இது தேவை’ என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்கோடு எழுதிக் கொடுத்தார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மாணவர்களே, நீங்களும் இந்த வாரம் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம்முக்குப் பிறகு நீங்கள் படிக்க விரும்பும் இடத்தின் பெயரை மேலே எழுதுங்கள். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழி, நேரம், கட்டணம் மூன்றையும் கீழே எழுதுங்கள். எந்த இடத்தில் வழி அறுந்துபோகிறதோ அங்கே ஒரு வட்டம் போடுங்கள். பெற்றோரிடமும் வகுப்பாசிரியரிடமும் அதைக் காட்டுங்கள். ஒரே இடத்தில் பத்துப் பேர் வட்டம் போட்டிருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள்.

அப்புறம், புலனத்தில் கண்ணீர் வரவைக்கும் கதை வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் நிலையத்தின் பெயரையாவது ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது அது வழக்கமாகிவிட்டது.